எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

போன மாதம் ஒரு பதிலின் நடுவே அமெரிக்காவின் 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். எல்லாமே படிவத்தில் ‘இனம்’ என்று கேட்கும் ஒரே இடத்தைச் சுற்றி வருவதால் இந்த மாதம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். வீசா கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 2020இல் நான் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போனவள். அப்போது எனக்கு 64 வயது. கொரோனா காலம், பிள்ளைகள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். முகக்கவசம், தோளில் ஒரு பை, கையில் அவர்கள் கொடுத்த ஐஃபோன், இவற்றோடு அக்டோபர் நடுவில் வேலை முடியும்வரை நடந்தேன். சேரும்போது எடுக்கும் உறுதிமொழி ஆயுளுக்கும் செல்லும். யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று வெளியே சொன்னால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அபராதம் இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன். அதனால் நான் தட்டிய கதவுகளைப் பற்றி இங்கே எதுவும் இருக்காது. என் வீட்டுக் கதையும், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பழைய ஏடுகளும் இருக்கின்றன. அவை போதும்.

கேள்வி: 2020இல் எங்கள் வீட்டுப் படிவத்தை, மதுரையிலிருந்து விசிட்டர் வீசாவில் வந்திருந்த என் மாமனார்தான் உட்கார்ந்து நிரப்பினார். இனம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘அமெரிக்கன் இண்டியன்’ என்று டிக் அடித்து, தன் பெயரையும் சேர்த்துவிட்டார். ‘அமெரிக்காவில் இருக்கிற இந்தியர்கள்தானே’ என்கிறார். இது பெரிய தவறா?
— வாசகி, எடிசன், நியூஜெர்சி

மாமனாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நம்மில் எத்தனையோ பேர் செய்த தவறுதான். ஆனால் தவறு தவறுதான்.

அவர் பெயரை முதலில் பார்ப்போம். பெரும்பாலான நாட்களில் எங்கே வசித்து, எங்கே தூங்குகிறாரோ அங்கேதான் ஒருவரை எண்ணுவார்கள். ஆறு மாதம் பேரனைப் பார்க்க வந்தவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். கிரீன் கார்டு வாங்கி உங்களோடேயே இருப்பவர் என்றால் வருவார். குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் அந்தக் கட்டம். ‘அமெரிக்கன் இண்டியன்’ என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளான நவஹோ, செரோக்கி, லகோட்டா போன்ற மக்களுக்கானது. கொலம்பஸ் திசை தப்பி வந்து வைத்த பெயர் இன்றுவரை இரண்டு மக்களையும் குழப்பிக்கொண்டிருக்கிறது. நமக்கு ‘ஏஷியன் இண்டியன்’ என்று தனிக் கட்டம் இருக்கிறது.

என் மகனை முதல் வகுப்பில் சேர்த்தபோது பள்ளி அலுவலகத்தில் இருந்தவர், நான் ‘இண்டியன்’ என்று சொன்னதும் பூர்வகுடி என்று எழுதிவிட்டார். எந்த மக்கள் என்று கேட்கவும் செய்தார். ‘தமிழ்’ என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து, பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உதவித் திட்டம் பற்றிக் கடிதம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போய் மாற்றினேன். அந்த உதவி வேறு யாருக்கோ சேர வேண்டியது இல்லையா?

அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2020இல் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வாழும் அம்மக்களில் 5.64 சதவீதம் பேர் கணக்கில் விடுபட்டுப்போனார்கள் என்று கணக்கெடுப்புத் துறையே பிறகு ஆய்ந்து சொன்னது. அங்கே ஆள் விடுபடுகிறது, இங்கே நம் தவறால் ஆள் கூடுகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் பணம் போகிறது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், ‘அப்பா, ஒரு காலத்தில் இந்தியர்களை வெள்ளையர் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள், தெரியுமா?’ என்கிறாள். நம்புகிற மாதிரி இல்லையே?
— வாசகர், டாலஸ்

உங்கள் மகள் சொல்வது நிஜம். என் வீட்டிலேயே ஒருவர் அப்படி இருந்திருக்கிறார்.

என் கணவர் 1968இல் எம்.எஸ். படிக்க ஓஹாயோவுக்கு வந்தார். 1970 கணக்கெடுப்பின்போது மூன்று நண்பர்களோடு ஒரு மாடி வீட்டில் இருந்தார். இனத்துக்கு அந்தப் படிவத்தில் வெள்ளை, கருப்பு, பூர்வகுடி, ஜப்பானியர், சீனர், பிலிப்பினோ, ஹவாயர், கொரியர் என்று கட்டங்கள். கடைசியில் ‘வேறு’, பக்கத்தில் எழுத ஒரு கோடு. நாலு பேரும் யோசித்து, ‘வேறு’ என்று அடித்து, கோட்டில் ‘இந்தியா’ என்று எழுதினார்கள். அங்கே அலுவலகத்தில் அதை எடுத்து வெள்ளையர் கணக்கில் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டின் விதி அது. நல்ல கருப்பு நிறம் அவருக்கு. பத்து வருஷம் கழித்து ஒரு சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாடகைக்கு வீடு கேட்டுப்போனபோது கதவைச் சாத்தியவர்கள் அவரை வெள்ளையராகவா பார்த்தார்கள்?

இதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் முழுதாகப் புரியும். 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளிலும் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் இனம் ‘ஹிந்து’. மதம் என்னவாக இருந்தாலும் சரி. தலைப்பாகை கட்டிய சீக்கியரும், நியூ ஆர்லியன்ஸில் துணி விற்ற வங்காள முஸ்லிமும் ஏட்டில் ஹிந்துதான். 1940 வரையிலான அந்த ஏடுகளை இணையத்தில் இப்போது யாரும் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் மெக்சிகோப் பெண்களை மணந்த பஞ்சாபி விவசாயிகளின் குடும்பங்களைத் தேடிப் பாருங்கள். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஓர் இனம், அம்மாவுக்கு வேறோர் இனம். பிள்ளைகளுக்கு எதைப் போடுவது என்று எண்ண வந்தவர் திணறியிருப்பார்.

1923இல் பகத் சிங் திந்த் வழக்கு வந்தது. பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி, ஆசியாவிலிருந்து வந்தவர் குடியுரிமை கேட்டால் ‘சுதந்திரமான வெள்ளையர்’ என்று நிரூபிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்புதான் அதே உச்ச நீதிமன்றம், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம், ஆகவே நீர் இல்லை என்று ஒசாவா என்ற ஜப்பானியரைத் திருப்பி அனுப்பியிருந்தது. திந்த் அதையே பிடித்துக்கொண்டார். அன்றைய இனநூல்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றுதானே சொல்கின்றன என்று கேட்டார். நூல்கள் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதன் பார்வையில் நீர் வெள்ளையர் இல்லை என்று தீர்ப்பு வந்தது. மூன்று மாதத்தில் அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். அதோடு முடியவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். நாடும் இல்லை, சொத்தும் இல்லை என்று ஆனபிறகு 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்தியர்கள் குடியுரிமை பெற வழி திறந்தது 1946இல்தான், அதுவும் ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என்ற அளவோடு. 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவர்களும் பொறியாளர்களும் வரத் தொடங்கினார்கள். 1970இல் வெள்ளையர் ஆனோம். எழுபதுகளில் ‘அசோசியேஷன் ஆஃப் இண்டியன்ஸ் இன் அமெரிக்கா’ அமைப்பினர் வாஷிங்டனில் போய்ப் பேசி, 1980 படிவத்தில் ‘ஏஷியன் இண்டியன்’ என்ற கட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அப்போது நம்மவர்களுக்குள்ளேயே கடும் வாக்குவாதம் நடந்தது. சிறுபான்மை என்று போய் நாமாகச் சொல்லிக்கொள்ள வேண்டுமா என்று ஒரு பக்கம். வேலையில் பாகுபாடு நடந்தால் எந்தக் கணக்கைக் காட்டுவது என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம்.

1980இல் நாம் 4 லட்சத்துக்கும் குறைவு. 2020இல் அந்த ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்தவர்கள் 43,97,737 பேர். தனி வகையாகப் பார்த்தால் ஆசியர்களில் நாம்தான் முதலிடம், சீனர்களையும் தாண்டிவிட்டோம்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு நண்பர், ‘பத்தே வருஷத்தில் வெள்ளையர்கள் 2 கோடி குறைந்துவிட்டோம்’ என்று கவலையாகச் சொன்னார். இவ்வளவு பேர் எங்கே போனார்கள்?
— வாசகர், ஷார்லட்

எங்கேயும் போகவில்லை. உங்கள் நண்பரிடம் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.

‘வெள்ளையர் மட்டும்’ என்று கணக்கில் வந்தவர்கள் 2010இல் 22 கோடியே 36 லட்சம், 2020இல் 20 கோடியே 43 லட்சம். அவர் சொன்னது இதைத்தான். ஆனால் வெள்ளையர் என்பதோடு வேறு இனத்தையும் சேர்த்துச் சொன்னவர்களையும் கூட்டினால் 2020இல் 23 கோடியே 54 லட்சம் வருகிறது. 2010ஐவிட 44 லட்சம் அதிகம். ஒரே மக்கள்தான், எந்தக் கூடையில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து குறைகிறார்கள், கூடுகிறார்கள்.

அதே பத்து வருஷத்தில் ‘இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்’ என்ற கூடை 90 லட்சத்திலிருந்து 3 கோடியே 38 லட்சம் ஆனது. கலப்பு மணங்கள் கூடியது உண்மை. ஆனால் பத்து வருஷத்தில் இத்தனை குழந்தைகள் பிறக்க முடியாது. படிவம் மாறியதுதான் பெரிய காரணம். 2020இல்தான் முதல்முறையாக வெள்ளை, கருப்பு என்ற கட்டங்களின் கீழே, உங்கள் வேர் எந்த நாடு என்று எழுத ஒரு கோடு கொடுத்தார்கள். எழுதியதில் முன்பு 30 எழுத்துகள்வரைதான் எடுத்துக்கொள்வார்கள், இப்போது 200. லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ‘வெள்ளை’ என்று அடித்துவிட்டு, கோட்டில் தன் தாத்தாவின் நாட்டையும் எழுதினால், அந்த நாட்டை ‘வேறு இனம்’ என்று தனிக் குறியீட்டில் போட்டுவிடுவார்கள். உடனே அவர் இரண்டு இனத்தவர். அவர் முகம் மாறவில்லை, வீட்டில் பேசும் பேச்சு மாறவில்லை. இந்த மாற்றத்தில் பெரும்பகுதி படிவத்தாலும் குறியீட்டு முறையாலும் வந்தது என்று துறையே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தலைப்புச் செய்திகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர் உள்ள ஸ்பானிய வழியினர் என்பது 2020இல் இனமாகக் கேட்கப்படவில்லை என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். அது தனிக் கேள்வி. 6 கோடியே 21 லட்சம் பேர் அதற்கு ஆம் என்றார்கள். அடுத்த கேள்வியில் இனத்தைக் கேட்டால் அவர்களில் பலருக்குப் பொருந்தும் கட்டமே இல்லை. இரண்டையும் ஒரே கேள்வியாக்கவும், மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்குத் தனிக் கட்டம் தரவும் 2024 மார்ச்சில் முடிவெடுத்தார்கள். அதுவரை லெபனான்காரரும் எகிப்துக்காரரும் வெள்ளையர் கணக்கில்தான்.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்த எண்களை வைத்து ஒருவர் பயப்படுவதும் இன்னொருவர் கொண்டாடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. கேள்வி எப்படி இருந்தது என்பதை முதலில் பாருங்கள், பதிலை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: நான் தமிழ், என் கணவர் கருப்பின அமெரிக்கர். எங்கள் மகளுக்கு எதை அடிப்பது என்று ஒவ்வொரு படிவத்திலும் எங்களுக்குள் பேச்சு வருகிறது. என் அம்மாவோ, ‘இந்தியன் என்று மட்டும் போடு, அதுதான் பிள்ளைக்கு நல்லது’ என்கிறார். என்ன செய்வது?
— வாசகி, அட்லாண்டா

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் மருமகளும் கருப்பினப் பெண். பேத்திக்கு இப்போது 16 வயது.

விதியைச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு முதல் எத்தனை கட்டங்கள் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதற்கு முன்பு ஒன்றுதான். 1970இல் ஒன்றைச் சொல்ல முடியாத குழந்தைக்கு அப்பாவின் இனம், 1980இல் அம்மாவின் இனம். 1930இல் இன்னும் கொடுமை. ஒரு துளி கருப்பின ரத்தம் இருந்தாலும் கருப்பு என்றே எழுது, எவ்வளவு சிறிய பங்கு என்று பார்க்காதே என்று எண்ணப் போனவர்களுக்கே எழுத்தில் உத்தரவு. அப்போதெல்லாம் நம்மைக் கேட்கவும் மாட்டார்கள், வந்தவர் பார்த்து எழுதிக்கொண்டு போவார். 1960இலிருந்துதான் மக்களே தங்கள் இனத்தைச் சொல்லும் வழக்கம் மெல்ல வந்தது. இன்று யாரும் ஆதாரம் கேட்பதில்லை. பார்த்தாலே தெரிந்தாலும் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றுதான் எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள்.

2020இல் என் மகன் பேத்திக்கு இரண்டையும் அடித்தான். எனக்கு அது நிறைவாக இருந்தது. போன வருஷம் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பதியும்போது அவள் ‘கருப்பு’ என்று மட்டும் அடித்தாள். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குச் சுருக்கென்றது. நான் சோறு ஊட்டி, திருப்புகழ் சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை. நம்மை விட்டுவிட்டாளே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவளிடமே கேட்டேன். ‘பாட்டி, உன்னோடு கோவிலுக்கு வரும்போது நான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தனியாக ஒரு கடைக்குள் போனால் என் பின்னாலேயே ஒருவர் வருகிறார். அவர் என்னை எந்தக் கட்டத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறாய்?’ என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் என்னை விடவில்லை. தன் அம்மா பக்கம் போய் நின்றாள், அவ்வளவுதான்.

ஒபாமாவுக்கு அம்மா வெள்ளையர். 2010இல் ஜனாதிபதியாக இருந்தபோது, இரண்டையும் அடிக்க வழி இருந்தும், கருப்பு என்ற ஒன்றைத்தான் அடித்தார். 2000க்கும் 2010க்கும் நடுவே தங்கள் பதிலை மாற்றியவர்கள் ஏறக்குறைய 98 லட்சம் பேர் என்று இரண்டு ஆண்டுப் பதிவுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு சொல்கிறது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருஷத்தில் ஒருவர் யாரோடு வாழ்கிறார், எதைத் தெரிந்துகொள்கிறார் என்பதெல்லாம் மாறுகிறதே.

உங்கள் மகள் சின்னவள் என்றால் இப்போதைக்கு இரண்டையும் அடியுங்கள். அவள் வளர்ந்து ஒன்றை விட்டால், விட்டுவிட்டாள் என்று மனம் உடையாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் அம்மா சொல்வதைக் கேட்காதீர்கள். வயதில் அவர் எனக்குச் சமமாக இருப்பார் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: ‘இந்தியன் என்று போட்டால் நல்லது’ என்ற பேச்சு அந்தக் குழந்தையின் காதில் விழக் கூடாது. தன் அப்பாவை மறைக்கச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். ‘ஸ்ரீலங்கன்’ என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. இனம் என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று எழுதினால் என்ன, அம்மா?
— வாசகர், சான் ஹோசே

எழுதலாம், தம்பி. ‘வேறு ஆசியர்’ என்ற கட்டத்தை அடித்துவிட்டுப் பக்கத்துக் கோட்டில் எழுதுங்கள். உங்கள் இனத்தை நீங்கள் சொல்வதற்கு யாரும் தண்டனை தரப்போவதில்லை. அங்கே அலுவலகத்தில் எந்தத் தொகுப்பில் சேர்ப்பார்கள் என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை.

நம் மொழியில் இனம் என்ற சொல் ரொம்ப அகலமானது. இனம் இனத்தோடு, வெள்ளாடு தன்னோடு என்கிறோம். இன சனம் என்கிறோம். தமிழினம் என்று சொல்லும்போது மொழியும் மண்ணும் பட்ட பாடும் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. அமெரிக்கப் படிவம் கேட்பது அதை இல்லை. நிறத்தையும் கண்டத்தையும் நாட்டையும் கலந்து ஒரு கேள்வியாக்கி வைத்திருக்கிறார்கள். கனடாவில் பூர்வீகம் என்ன என்று தனியாகவே கேட்கிறார்கள், அங்கே தமிழ் என்று எழுதினால் தமிழ் என்றே எண்ணுகிறார்கள்.

இங்கே தமிழர்களை எண்ண வேறொரு வழி உண்டு, நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’ என்று ஒரு படிவம் போகும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று அதில் கேட்பார்கள். 2016 முதல் அதன் விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி இருக்கிறது. மலையாளமும் கன்னடமும் பிற திராவிட மொழிகளும் இன்னும் ஒரே வரியில்தான். மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் கோலாலம்பூர்காரரும் ஒன்றாக நிற்கும் ஒரே வரி அது. அந்தப் படிவம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே ‘ஆங்கிலம் மட்டும்’ என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

2020 கணக்கெடுப்புக்கு 59 மொழிகளில் வழிகாட்டி அச்சிட்டார்கள். தமிழும் சிங்களமும் அதில் இருந்தன. என் பையில் தமிழ் வழிகாட்டி ஒன்றை எப்போதும் வைத்திருந்தேன்.

கேள்வி: உமிழ்நீர்ப் பரிசோதனையில் எனக்கு 4 சதவீதம் மத்திய ஆசியா என்று வந்திருக்கிறது. அடுத்த முறை அதையும் எழுத வேண்டுமா?
— வாசகர், சியாட்டில்

வேண்டாம். அந்தக் கட்டங்கள் மரபணுவைக் குறிப்பவை இல்லை, சமூகம் வைத்திருக்கும் பிரிவுகள் என்று துறையே எழுதி வைத்திருக்கிறது. உங்களை நீங்கள் யாராக நினைத்து வாழ்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் ஹெச்1பியில் இருக்கிறோம். பதில் சொன்னால் குடிவரவுத் துறைக்குத் தகவல் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். பிரான்சில் இனத்தையே கேட்பதில்லையாமே, இங்கே மட்டும் எதற்கு?
— வாசகி, பெல்வியூ

சட்டப்படி உங்கள் வீட்டுப் பதில் எந்தத் துறைக்கும் போகக் கூடாது, நீதிமன்றத்துக்குக்கூட. குடியுரிமை பற்றிய கேள்வியை 2020 படிவத்தில் சேர்க்கப் பார்த்தார்கள். 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது.

ஆனால் பயமே தேவையில்லை என்று நான் எழுதினால் அது நேர்மை ஆகாது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தபோது, எந்தத் தெருவில் எத்தனை ஜப்பானியர் என்ற தொகுப்பைக் கொடுத்தது கணக்கெடுப்புத் துறைதான். 1943இல் தலைநகர்ப் பகுதியில் தனிநபர்களின் பெயரும் முகவரியும்கூடத் தரப்பட்டன என்பதை 2007இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். போர்க்காலச் சட்டம் ஒன்று அந்த ரகசியக் காப்பைத் தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தது. 2000ஆம் ஆண்டில் துறையின் இயக்குநர் கென்னத் ப்ரூவிட் மன்னிப்புக் கேட்டார். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்த வேலைக்குப் போனேன்.

இனத்தை ஏன் கேட்கிறார்கள் என்றால், 1790இல் நடந்த முதல் கணக்கெடுப்பிலிருந்தே கேட்கிறார்கள். அன்று மொத்தம் 39 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்க ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணினார்கள். அந்தக் கேள்வி பிறந்தது அநியாயத்துக்காக. 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு அதே கேள்விதான் அநியாயத்தைக் காட்டிக்கொடுக்கவும் பயன்படுகிறது. ஒரு தொகுதியைக் கோணல்மாணலாக வெட்டி கருப்பின வாக்குகளைச் சிதறடித்தால், இந்த எண்களை வைத்துத்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்கிறார்கள். பிரான்சில் கேட்பதில்லை என்பது சரி. அதனால் அங்கே பாகுபாடு இல்லை என்று ஆகிவிடாது, அளந்து காட்டுவதுதான் கஷ்டமாகிறது.

அதனால் பதில் சொல்லுங்கள். 2020 கணக்கில் வெறும் 89 பேர் போதாமல் நியூயார்க் மாநிலம் நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தை இழந்தது. அடுக்குமாடி வீடு ஒன்றில் இருப்பவர்கள் அவ்வளவு பேர்.

கேள்வி: எண்ணி முடித்ததும் அரசாங்கத்துக்குத்தானே இந்தக் கணக்கு. எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இதில் என்ன இருக்கிறது?
— வாசகர், நேப்பர்வில்

என் சம்பந்தி அம்மாவுக்கு, அதாவது நான் மேலே சொன்ன மருமகளின் அம்மாவுக்கு, இருந்தது. அதைச் சொல்கிறேன். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

72 ஆண்டுகள் கழித்து ஒவ்வொரு கணக்கெடுப்பின் ஏடுகளையும் பெயரோடு திறந்துவிடுவார்கள். 1950க்கு உரியவை 2022 ஏப்ரல் முதல் தேதி திறந்தன. அன்று காலையில் சம்பந்தி அம்மா என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், கணினியில் தேட நான் உதவ வேண்டும் என்று. முதலில் அவர்கள் அம்மாவைத் தேடினோம், ஜார்ஜியாவில் ஒரு சின்ன ஊரில் கிடைத்தார். அதிலிருந்து பின்னால் போனோம். 1940, 1930, 1920, 1910, 1900. பெரும்பாலும் இரவில், அவர்கள் பேசப் பேச நான் தட்டச்சு செய்தேன். 1890 ஏடுகள் கிடையாது. 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமாகி, அநேகமாக எல்லாமே போய்விட்டன. அந்த இருபது வருஷத்தைத் தாண்டி 1880ஐப் பிடிக்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

அப்புறம் 1870. அங்கே அவர்கள் கொள்ளுப்பாட்டியின் அம்மா, 18 வயது, பெயரோடு. எழுதப் படிக்கத் தெரியாது என்ற இரண்டு கட்டங்களிலும் கோடு போட்டிருந்தது.

1860க்குப் போனால் பெயர் இல்லை. கருப்பின அமெரிக்கர்கள் குடும்பம் தேடும்போது இதை 1870 சுவர் என்று சொல்வார்கள். 1850இலும் 1860இலும் அடிமைகளுக்குத் தனி ஏடு போட்டார்கள். அதில் பெயர் உள்ள ஒரே ஆள் உரிமையாளர். கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, கருப்பா கலப்பா. அவ்வளவுதான். அதே வட்டாரத்தில் ஓர் உரிமையாளரின் கீழே ‘8, பெண், கருப்பு’ என்று ஒரு வரி இருந்தது. அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சம்பந்தி அம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் இருந்தார்கள். நான் காபி போட எழுந்து போனேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மறுபடி 1870 பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அதில் பெயரின் எழுத்துகள் தப்பு. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார் எண்ண வந்தவர். நானும் அந்த வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு உறுத்தியது, ஒருமுறை கேட்டு எழுதியிருக்கலாமே என்றேன்.

‘பரவாயில்லை, அவர் அவளிடம் பெயரைக் கேட்டிருக்கிறார்’ என்றார்கள்.